றப்பர்ஸ்வில்லுக்கு நான் எழுதிய தமிழ்

18 ஜனவரி 2025, சனி

காலையில் தமிழ்ப் பள்ளி. குளிருக்குப் பயந்து பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த ஏழு பேருக்கும் வேற்றுமை உருபு சொல்லிக்கொடுத்து, யாருக்கும் விளங்காமல், எனக்கும் அலுத்துப்போய் வீடு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், ஃபோனில் படம்.

அஞ்சலீனா. என் தங்கை. முப்பது வருடமாக சுவிஸில், றப்பர்ஸ்வில் என்ற ஏரிக்கரைப் பட்டணத்தில் இருக்கிறாள். படத்தில் அவள் கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. பின்னால் மூன்று கோபுரத்தோடு கோட்டை. அதற்கும் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் பனிமலை. ஒன்று போதாதா இவளுக்கு?

கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, சோதினை பாஸ். இனி நான் இந்த ஊரின்ரை கைட். ஊர்ச் சரித்திரம் எல்லாருக்கும் சொல்லுவன்."

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சிறப்புப் பட்டம் எடுத்தவள் நான். அவள் சாதாரணதரச் சோதனையில் சமூகக்கல்வியும் வரலாறும் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் பெயில். பட்டம் எடுத்தவள் லண்டனில், சட்டனில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் இருபது வருடமாகப் பிள்ளைகளின் தட்டில் பச்சைப் பட்டாணி போடுகிறாள். பெயில் விட்டவள் கோட்டை வாசலில் நின்று சரித்திரம் சொல்லப் போகிறாள்.

"வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். இடையில் 'க்' போடாமல், சரியாக.


26 ஜனவரி, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து ஹோலில் தேநீர். கொட்வின் ஒலிவாங்கியைப் பிடித்தார். எங்கள் பங்கில் எதற்கும் ஒலிவாங்கி பிடிப்பது அவர்தான். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஐன்சீடல்ன் மாதா கோயிலுக்கு யாத்திரை. பக்கத்தில் உள்ள றப்பர்ஸ்வில்லிலும் ஒரு நாள்.

"அங்கை எங்களுக்குக் கைட் ஆரெண்டு நினைக்கிறீங்கள்? எங்கடை அருள்மலர் ரீச்சரின்ரை சொந்தத் தங்கச்சி!"

கைதட்டினார்கள். அவருடைய மனைவி கிளறிற்றா என்னைக் கட்டிப்பிடித்தாள். "ரீச்சர், உங்களுக்கு எவ்வளவு பெருமையாயிருக்கும்!"

ஓம் என்றேன். தேநீர் ஆறிப்போயிருந்தது.

இன்றைக்குவரை அவள் ரீச்சரின் தங்கச்சி. மே மாதத்துக்குப் பிறகு நான் கைடின் அக்கா.


2 பெப்ரவரி, ஞாயிறு

அஞ்சு ஃபோன் எடுத்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அக்கா, எனக்கு எல்லாம் ஜேர்மனிலைதான் வருது. தமிழிலை சொல்ல வெளிக்கிட்டால் சொல் வருகுதில்லை. லண்டன் ஆக்கள் படிச்ச ஆக்கள். நீங்கள் நல்ல தமிழிலை எழுதித் தாறீங்களோ? நான் அதைப் பாத்து வாசிப்பன்."

நல்ல தமிழ் வேண்டுமாம்.

பிறகு பதினான்கு குரற்பதிவு அனுப்பினாள். கரட் சீவிக்கொண்டே கேட்டேன். எண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு கோமகன் குன்றின் மேல் கோட்டை கட்டினது. 1350இல் சூரிச்காரர் வந்து ஊரை எரித்தது. ஹப்ஸ்பேர்க் இளவரசன் திருப்பிக் கட்டி, ஏரிக்குக் குறுக்கே மரப்பாலம் போட்டது. யாத்திரிகர் ஐந்நூறு வருடம் அந்தப் பாலத்தால் நடந்து மாதாவிடம் போனது. பிறகு அதைக் கழற்றிவிட்டு அணை கட்டினது. 2001இல் நடக்கிறவர்களுக்காக மட்டும் மரத்தாலேயே புதுப் பாலம் போட்டது. நாட்டை இழந்த போலந்துக்காரர் வந்து கோட்டைக்குள் தங்கள் மியூசியத்தை வைத்தது.

ஆண்டு ஒன்றும் பிழைக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன், ஒன்றாவது பிழைக்காதா என்று.

இவ்வளவும் எங்கே படித்தாள்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.


19 பெப்ரவரி, புதன்

அரைத்தவணை விடுமுறை. மூன்று நாளாக எழுதுகிறேன். இருபது வருடத்தில் இவ்வளவு ஆசையாக எதையும் எழுதவில்லை.

"தெண்ணீர்ப் பொய்கையின் மருங்கே முந்நெடுங் கோபுரந் தாங்கி, எண்ணூறாண்டுகட்கு முன்னெழுந்த இக்கோட்டையானது..." இப்படி ஆறு பக்கம்.

அந்த ஊரில் ஒரு மான் கதை இருக்கிறது. கோமகன் மனைவியோடு வேட்டைக்கு வந்து, குகைக்குள் குட்டிகளோடு ஒரு மானைக் காண்கிறான். கொல்லவேண்டாம் என்று மனைவி தடுக்கிறாள். அவர்கள் களைத்து இருக்கும்போது அந்த மான் வந்து அவள் மடியில் தலையை வைக்கிறது. அந்த இடத்தில்தான் கோட்டை கட்டினார்களாம். இன்றும் கோட்டைக்குக் கீழே மான் வளர்க்கிறார்கள்.

"பெண்மான்" என்று முதலில் எழுதினேன். வெட்டினேன். "பிணைமான்" என்று எழுதினேன்.

வெட்டும்போது எனக்குத் தெரியும். இங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை, எழுதிவைக்கிறேன்: எனக்குத் தெரியும். அவள் நாக்கு எங்கே தடக்கும் என்று சின்னனிலிருந்தே தெரியும்.

என் மனிசன் றெஜினோல்ட் பஸ் ஷிப்ட் முடிந்து வந்து ஒரு பக்கம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாயிருக்கு. ஆனால் இது ஆருக்கு எழுதினது? அஞ்சுவுக்கோ, இல்லை உமக்கோ?"

"நல்ல தமிழ் கேட்டவள். குடுக்கிறன்."

மனிசன் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் இருந்தார்.


2 மார்ச், ஞாயிறு

"அக்கா, பிணைமான் எண்டால் என்ன? பிணை எடுக்கிறதெண்டால் எனக்குத் தெரியும். இவர் ரஜீவ் வந்த புதிசிலை உள்ளுக்கை இருக்கேக்கை நான்தானே ஓடித் திரிஞ்சு எடுத்தனான்." சிரித்தாள்.

"பெண்மான். இலக்கியத்திலை அப்பிடித்தான் வரும்."

"அப்ப பெண்மான் எண்டு சொன்னால் போதாதோ?"

இந்த இடத்தில் ஒரு சொல் — ஓம், போதும் — என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

"நீதானே நல்ல தமிழ் கேட்டனி?" என்றேன்.

"சரி அக்கா. பாடமாக்கிறன்."


9 மார்ச்

அஞ்சு மூன்று தரம் எடுத்தாள். மூன்று தரமும் விட்டுவிட்டேன்.


18 ஏப்ரல், பெரிய வெள்ளி

நேற்றுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், சோம்பல், மாமியைப் பற்றிக் கதைத்தது. வழக்கமான சாமான்கள். இதைச் சொல்லவில்லை. நல்ல தமிழ் எழுதுவது எந்தக் கட்டளையை மீறுகிறது?

இன்று சிலுவைப்பாதையில் கிளறிற்றா முன்னால் முழங்காலில். என் மனம் முழுக்க மே மாதம்.


26 மே, திங்கள்

றப்பர்ஸ்வில். றெஜினோல்ட்டுக்கு லீவு கிடைக்கவில்லை; தனியாக வந்தேன். மற்ற நாற்பத்தொரு பேரும் ஐன்சீடல்ன் விடுதியில். நான் அஞ்சு வீட்டில்.

முதலாம் மாடி. சமையலறை ஜன்னலால் ஏரியின் ஒரு துண்டு தெரிகிறது. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றால்! என் ஜன்னலால் குப்பைத்தொட்டிதான் தெரியும். ரோசா நகரம் என்று பெயராம் இதற்கு. ஒவ்வொரு வளவிலும் ரோசா, இப்போதுதான் மொட்டு விரிகிறது. தெருவில் நாலு பேர் அவளுக்குப் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். வெள்ளைக்காரர். பாண் கடைக்காரி வெளியே வந்து கை குலுக்கினாள்.

சட்டனில் எனக்கு இப்படிப் பெயர் சொல்லி வணக்கம் சொல்வது யார்? எங்கள் தபால்காரனுக்கு என் பெயரை இன்னும் ஒழுங்காக உச்சரிக்க வராது.

குசினி அலுமாரிக் கதவில் என் ஆறு பக்கமும் ஒட்டியிருக்கிறது. பென்சிலால் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கோடு போட்டிருக்கிறாள். அவள் மனிசன் ரஜீவ் சொன்னார்: "ரண்டு மாசமாய் இதுதான் அக்கா. தேத்தண்ணி போடேக்கையும் தெண்ணீர்."

நான் சிரித்தேன். அந்தக் கோடுகளைத் திரும்பப் பார்த்தேன். ஆனாலும் "கழற்றிப்போடு, உன்பாட்டிலை சொல்லு" என்று வாய் திறக்கவில்லை. இரவு முழுதும் நேரம் இருந்தது.


27 மே, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு எல்லாரும் கோட்டைக்கு முன்னால், குன்றின் மேல், மர நிழலில். ஒரு பக்கம் ஏரி, அதற்கு மேலால் நீளமாக மரப்பாலம். நல்ல காற்று. அஞ்சு நீலச் சட்டை போட்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டி, என் தாள்களை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதல் பக்கம் நல்லாகத்தான் போனது. ஒரு சொல்லும் பிசகாமல், பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி. ஆனால் சனத்தின் முகத்தைப் பார்த்தேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அருமைநாயகி அன்ரி பைக்குள் இனிப்புத் தேடினா. பிள்ளைகள் மான் பார்க்கப் போய்விட்டார்கள். அஞ்சுவும் அதைக் கண்டாள். கண்டதும் வேகமாக வாசிக்கத் தொடங்கினாள். காற்றுத் தாளை மடித்தது.

"...பிணமான் போந்து தன் தலையைக் கோமகளின்..."

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு நாலைந்து. கொட்வின் பின்னாலிருந்து உரத்துக் கேட்டார்: "தங்கச்சி, செத்த மான் எப்பிடியம்மா வந்து தலையை வைக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, யாத்திரைச் சிரிப்பு. ஆனாலும் சிரிப்புத்தான்.

எனக்கு அந்த நேரம் என்ன இருந்தது? உண்மையைச் சொல்ல வேண்டும். இனித்தது. ஒரு கணம். வாயில் கற்கண்டு போட்ட மாதிரி.

அஞ்சுவின் காது இரண்டும் சிவந்தன. தாளைப் பார்த்தாள். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"என்ரை பிழை. அக்கா வடிவா எழுதித் தந்தவ. எனக்குத்தான் வாசிக்கத் தெரியேல்லை."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. "ரீச்சர் எழுதினதோ, அதுதானே பாத்தன், என்ன தமிழ்!" என்றாள் கிளறிற்றா. நான் — நான் தலையை ஆட்டினேன். பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டினேன்!

அஞ்சு தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "வாங்கோ" என்று கோட்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நின்று தன் வாயால் சொல்லத் தொடங்கினாள். முதலில் குரல் நடுங்கியது.

"இந்தக் கோட்டைக்குள்ளை போலந்து ஆக்களின்ரை மியூசியம் இருந்தது. அவையின்ரை நாட்டை மற்றவை பங்கு போட்டிட்டினம். நாடு இல்லாமல் வந்த ஆக்கள் இந்தக் கோட்டையைக் குத்தகைக்கு எடுத்து, தங்கடை புத்தகம், படம், உடுப்பு, வாள் எல்லாம் கொண்டுவந்து வைச்சவை. ஒரு தளபதியின்ரை இருதயம்கூட முப்பது வருசத்துக்கு மேலை இஞ்சைதான் இருந்தது. நாடு திரும்பக் கிடைச்ச பிறகு எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிச்சினம். பிறகு யுத்தம் வந்து அந்தப் புத்தகம் கனக்க எரிஞ்சு போச்சுது. இஞ்சை வைச்சிருந்தால் இருந்திருக்கும்."

அருமைநாயகி அன்ரி பையை மூடினா.

"பிறகு திரும்பவும் அவை இஞ்சை மியூசியம் திறந்தவை. நான் எப்பிடி இதெல்லாம் அறிஞ்சனான் எண்டால், நான் உந்த மியூசியத்திலை பதினொரு வருசம் கிளீனிங். விடிய ஆறு மணிக்குக் கண்ணாடிப் பெட்டி துடைக்கேக்கை ஒரு நாளைக்கு ஒரு சீட்டு வாசிப்பன். விளங்காத சொல்லைக் கையிலை எழுதிக்கொண்டு போய் மகளிட்டைக் கேப்பன். அப்பிடித்தான் எனக்கு ஜேர்மனே வந்தது. 2022இலை மியூசியம் கோட்டையை விட்டு வெளிக்கிட வேண்டி வந்திட்டுது. பெட்டி கட்டேக்கை நானும் நிண்டனான். ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கொண்டு அந்த ஆக்கள் அழுதவை. அப்ப யோசிச்சன், உது எல்லாம் இனி ஆர் சொல்லுறது எண்டு. அதுக்குப் பிறகுதான் கைட் வகுப்புக்குப் போனனான்."

கொட்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

பதினொரு வருடம். என் தங்கை எங்கே வேலை செய்தாள் என்று எனக்குத் தெரியாது. "கிளீனிங்" என்று தெரியும். எங்கே என்று கேட்டதில்லை.

எழுதவே வெட்கமாக இருக்கிறது: அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். முன்னையதைவிடப் பெரிய பொறாமை. நான் நாலு வருடம் நூலகத்தில் இருந்து தேடின ஒன்று இவளுக்குத் துடைக்கிற துணியோடு கிடைத்திருக்கிறது.

பிறகு எல்லாரும் மரப்பாலத்தால் செபமாலை சொல்லிக்கொண்டு ஏரியைக் கடந்தோம். பாதி வழியில் ஒரு சின்னக் கோயில், அந்தக் காலத்து யாத்திரிகர் நின்று கும்பிட்டது. நான் உள்ளே போகவில்லை.


28 மே, புதன்

காலை. ரஜீவ் வேலைக்குப் போய்விட்டார். அஞ்சு எனக்குப் பயணத்துக்குக் கட்லெட் பொரித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முதுகு காட்டிக்கொண்டு.

சொன்னேன். "அஞ்சு, அந்தத் தமிழ் — நான் வேணுமெண்டுதான் எழுதினனான். நீ தடக்குவாய் எண்டு தெரிஞ்சு எழுதினனான்."

திரும்பவில்லை. கட்லெட்டைத் திருப்பினாள். "ஏன்?"

"எனக்கு உன்னிலை பொறாமை."

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். "என்னிலையோ? கக்கூஸ் கழுவினவளிலையோ?" பிறகு அடுப்பை நிற்பாட்டினாள். சிரிப்பும் நின்றது.

"அக்கா, எங்கடை வீட்டிலை ஒரு மேசைதான் இருந்தது. அதிலை நீங்கள் படிச்சீங்கள். நான் உங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தனான். அஞ்சு வருசம். அப்ப எனக்குப் பொறாமை வரேல்லை எண்டு நினைக்கிறீங்களோ?"

கட்லெட்டை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"வந்தது. நல்லா வந்தது. ஆனால் நான் உங்கடை தேத்தண்ணிக்கை உப்புப் போடேல்லை."

கட்லெட்டைக் கட்டி என் பைக்குள் வைத்தாள். கோச் நிற்கிற இடம்வரை வந்தாள். எல்லாருக்கும் கை காட்டினாள். எனக்கு என்று தனியாகக் காட்டவில்லை.


8 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து ஹோலில் யாரோ "பிணமான்" என்றார்கள். சிரிப்பு. யாத்திரைக்கு வராதவர்களுக்கும் கதை போய்விட்டது. கொட்வின் நடித்துக் காட்டினார். கோட்டை வாசலில் தொப்பி கழற்றினதை யாரும் நடித்துக் காட்டவில்லை.

நான் கோப்பைகளைக் கழுவினேன்.


20 ஜூன்

அஞ்சு எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓய்கிறது. இருபத்து மூன்று நாள்.


6 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இன்று கொட்வின் ஒலிவாங்கியிலேயே தொடங்கினார். கோயில் விழாவுக்கு நிகழ்ச்சி கேட்கிறபோது, "பிணமான் நாடகம் ஒண்டு போடுவமோ?" என்று. ஹோல் முழுக்கச் சிரித்தது. நான் எழும்பி நடந்துபோய் ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்துத் தந்தார்.

"அது பிணமான் இல்லை. பிணைமான். பெண்மானுக்கு இன்னொரு சொல். எழுதினது நான். பெண்மான் எண்டு எழுதியிருக்கலாம். என்ரை தங்கச்சி அப்பிடிச் சொல்லட்டோ எண்டு கேட்டவள். நான் விடேல்லை. அவள் எல்லாருக்கும் முன்னாலை தடக்கவேணும் எண்டு வேணுமெண்டு செய்தனான். ஆகையாலை சிரிக்கிறதெண்டால் என்னைப் பாத்துச் சிரியுங்கோ."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஸ்ரீநிதி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய் அவளைத் தன் பக்கம் இழுத்தா.

றெஜினோல்ட் கார் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது சொன்னார்: "பெப்ரவரியிலை சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை, என்ன?"


20 ஜூலை

விழா மலரின் எழுத்துப் பிழை பார்க்க இந்த முறை என்னிடம் தரவில்லை. பதினாறு வருடமாக நான் பார்த்தது. கிளறிற்றா யாரோ புதுப் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள். கேட்கவும் இல்லை நான்.

மலரில் அட்டையிலேயே பிழை. ஒருவரிடமும் காட்டவில்லை.


11 ஓகஸ்ட், திங்கள்

அவள் பிறந்தநாள். வாழ்த்து அனுப்பினேன். வாசித்ததாக இரண்டு நீலக் கோடு. வேறு ஒன்றும் இல்லை.


14 செப்ரெம்பர், ஞாயிறு

கிளறிற்றா பக்கத்தில் வந்து இருந்தாள். ஜூலையில் நான் ஒலிவாங்கியில் சொன்னதை யாரோ ஃபோனில் பிடித்திருக்கிறார்களாம். இவள் அதை அஞ்சுவுக்கு அனுப்பிவிட்டாளாம், போன கிழமை.

"பிழையோ ரீச்சர்?"

"இல்லை" என்றேன்.


4 ஒக்ரோபர், சனி

தமிழ்ப் பள்ளியால் வந்து பார்க்கிறேன், அஞ்சுவிடமிருந்து ஒரு கோப்பு. அக்கா என்று தொடங்கவில்லை. சுகம் கேட்கவில்லை.

"மாசத்திலை ஒரு நாள் தமிழிலை ஊர் சுத்திக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கினம். ஜெனீவா, பாசல் எண்டு எல்லா இடத்திலையும் இருந்து எங்கடை ஆக்கள் வருவினம். நானே எழுதினனான். எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ. சொல்லை மாத்தாதேங்கோ."

ஒன்பது பக்கம்.


5 ஒக்ரோபர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மேசையில் இருந்து பார்த்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு எழுத்துப் பிழை. லகரம் ளகரம் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. பந்தி பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் வாசிக்க வாசிக்க நான் அந்தக் குன்றில் ஏறிக்கொண்டிருந்தேன். எரிந்த ஊரைத் திரும்பக் கட்டினவர்களைப் பற்றிச் சொல்கிற இடத்தில் எழுதியிருக்கிறாள்: "முதல் அவை வீடு கட்டேல்லை. முதல் பாலத்தைக் கட்டினவை. ஆக்கள் வந்து போனால்தான் ஊர்." ஆறு பக்கத்தில் நான் ஒரு இடத்திலும் இப்படி ஒன்று எழுதவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு பிழையாகத் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில், தான் வந்து இறங்கின நாளைப் பற்றி எழுதியிருக்கிறாள்: "ஸ்டேசனிலை நிண்டு பாத்தன். ஏரி தெரிஞ்சுது. கோட்டை தெரிஞ்சுது. எழுதியிருந்த ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை."

எழுத்தில் விளங்கவில்லை என்பதே சரி.

திருத்தக் கை போனது. கையை எடுத்துக்கொண்டேன். அப்படியே விட்டு அனுப்பினேன்.